கலை வரலாற்றுக்கு ஆன்லைன் வகுப்பு போதுமா?

2023 செப்டம்பர் 3

ஓவியத்தின் முன்னால் போய் நிற்காமல் கலை வரலாறு படிப்பது படிப்பே இல்லை என்கிறார் என் அண்ணன். திரையில் பார்த்தே படிக்க முடியும் என்பது என் கட்சி. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரியில், ஆசியக் கலை வரலாறு ஆன்லைனில் எடுத்திருக்கிறேன். வயது 51. சொந்த ஊர் கும்பகோணம். பகலில் கணக்கு வேலை, இரவு ஒன்பதரைக்கு மேல் படிப்பு. இன்ன மணிக்கு வகுப்பு என்று கிடையாது. திங்கட்கிழமை பாடம் திறக்கும், ஞாயிறு நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் மறுபடி ஒரு கல்லூரியில் சேர்வதை நான் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

படித்தவர்களும் பாதியில் விட்டவர்களும் சொல்லுங்கள். நானும் படிக்கப் படிக்க இங்கேயே எழுதி வைக்கிறேன்.

2023 செப்டம்பர் 5

கட்டணம் கேட்ட தம்பிக்கு: கலிபோர்னியாவில் குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலர், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். குடியிருப்பவர் என்ற கணக்கில் வர இங்கே ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும், விசா வகையையும் பார்ப்பார்கள். வெளி மாநிலத்தவருக்குப் பல மடங்கு.

எங்கள் வகுப்புக்குப் பாடப் புத்தகம் வாங்க வேண்டாம். ஸ்மார்ட்ஹிஸ்டரி தளத்தின் காணொளிகளும் அருங்காட்சியகங்களின் படங்களுமே பாடம். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் தன்னிடம் உள்ள, காப்புரிமை முடிந்த பொருள்களின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று 2017-இல் திறந்துவிட்டது. அது நடந்திராவிட்டால் இப்படி ஒரு வகுப்பைக் கைக்காசு இல்லாமல் நடத்துவது கஷ்டம்.

2023 செப்டம்பர் 11

இடம் கிடைத்ததே பெரிய பாடு. காத்திருப்புப் பட்டியலில் ஏழாவதாக இருந்தேன். முதல் வாரம் உள்ளே விட்டார்கள். அறிமுகப் பதிவு போட இரண்டு நாள் தாமதமானது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். மின்னஞ்சல் எழுதிக் கெஞ்சித் திரும்பச் சேர்ந்தேன்.

காரணம் கேட்டபோது ஆசிரியை சொன்னது: உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகப் போலிப் பெயரில், சில சமயம் கணினி நிரல் வைத்தே, ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்துவிடுகிறார்களாம். கலிபோர்னியா முழுக்க இந்தத் தொல்லை. அதனால் முதல் வாரத்தில் வாய் திறக்காதவரை நீக்கிவிடுகிறார்கள். சேருகிற எவரும் முதல் நாளே ஒரு வரியாவது எழுதிவிடுங்கள்.

2023 செப்டம்பர் 24

முதல் பெரிய பயிற்சி. ஒரு படத்தைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். 'அழகு', 'அமைதி', 'தெய்வீகம்' எதுவும் கூடாது. இதற்கு ஃபார்மல் அனாலிசிஸ் என்று பெயர்.

கொடுத்த படம் சீன ஓவியர் ஃபான் குவான் ஆயிரமாவது ஆண்டு வாக்கில் பட்டுத் துணியில் தீட்டிய மலை ஓவியம். படத்தில் முக்கால் பங்கும் ஒரே மலை. பாறையின் பிளவில் வெள்ளை நூல் மாதிரி ஓர் அருவி. முதல் மூன்று நிமிடத்தில் எழுத இவ்வளவுதான் இருந்தது. பிறகு பெரிதாக்கி, பெரிதாக்கிக் கீழே வந்தேன். வலது மூலையில் மரங்களுக்கு அடியில் பாதை. அதில் பொதி சுமந்த கழுதைகள், ஓட்டிக்கொண்டு வரும் ஆள்கள். அரிசி அளவு. ஓவியத்தின் பெயரிலேயே பயணிகள் இருக்கிறார்கள், எனக்கு அவர்கள் கண்ணில் பட ஆறு நிமிடம் ஆகியிருக்கிறது. அந்தப் பக்கத்து இலைகளுக்குள்ளே ஓவியர் தன் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார். அதை 1958-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். அசல் ஓவியம் இருக்கும் தைபேயில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்கு இந்தக் கழுதையின் காது தெரியுமா என்று கேட்டேன். பதில் இல்லை.

2023 அக்டோபர் 8

அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வாரம் ஜப்பானிய ஓவியர் ஹோகுசாயின் 'பேரலை'. உலகம் முழுக்கத் தெரிந்த படம். பாதித் திரையில் அலை, பாதித் திரையில் ஃபான் குவானின் மலை, ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். இரண்டும் பிரம்மாண்டம், இரண்டிலும் மனிதன் சிறியவன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆசிரியை ஒரே ஒரு கேள்வி போட்டிருந்தார்: "இரண்டின் அளவையும் பார்த்தீர்களா?"

போய்ப் பார்த்தேன். மலை இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். நிலைக்கதவு அளவு. அலை 25 சென்டிமீட்டர் உயரம், 37 சென்டிமீட்டர் அகலம். மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சிட்டு விற்றது, மடியில் வைத்துப் பார்க்கிற பொருள். நான் பிரம்மாண்டம் என்று எழுதியது என் திரையின் பிரம்மாண்டத்தை. திரையில் எல்லாமே ஒரே உயரம். மோனலிசா 77 சென்டிமீட்டர், கற்காலத்து வில்லண்டார்ஃப் பெண் சிலை 11 சென்டிமீட்டர். இங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சம உயரத்தில் நிற்கின்றன.

மேசை மேல் ஒரு அளவு டேப் வைத்திருக்கிறேன். எந்தப் படம் வந்தாலும் முதலில் சுவரில் அந்த உயரத்தைப் பென்சிலால் குறிப்பது. வாடகை வீடு, காலி செய்யும்போது அழித்துக்கொள்ளலாம்.

2023 அக்டோபர் 10

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம். திரைக்கென்றே செய்தது போல ஒரு வகை இருக்கிறது, சீனாவின் கைச்சுருள் ஓவியம். ஜாங் செதுவான் வரைந்த ஆற்றங்கரை நகரம் 25 சென்டிமீட்டர்கூட உயரம் இல்லை, நீளம் ஐந்தே கால் மீட்டர். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சுருளை முழுக்க விரித்துப் போட்டுப் பார்ப்பதில்லை. வலப்பக்கமிருந்து ஒரு கை நீளம் விரிப்பது, பார்த்ததைச் சுருட்டிக்கொண்டே அடுத்ததை விரிப்பது. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழு நீளத்துக்கும் படுக்க வைத்துவிடுகிறார்கள். லேப்டாப்பில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட படகும், மேலிருந்து கத்துகிற கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்க்ரோல் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

2023 அக்டோபர் 29

20-க்கு 14.

எதற்கு என்று கேட்காதீர்கள். நடராஜருக்கு.

2023 அக்டோபர் 30

சரி, சொல்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கும் 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராஜர், 68 சென்டிமீட்டர். வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாதது எல்லாம் எனக்குத் தெரியும். உடுக்கை படைப்பு, தீ அழிப்பு, அபய கரம் காத்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல் என்று ஐந்தொழிலையும் எழுதினேன். பாடத்தில் அபஸ்மாரன் என்றிருந்ததை எங்கள் ஊரில் முயலகன் என்போம் என்று சொன்னேன். சிலைகள் கிடைக்கும் காலத்துக்கு முன்னே, ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் 'எடுத்த பொற்பாதம்' பாடிவிட்டார் என்பதையும் சேர்த்தேன்.

ஆசிரியை எழுதியது: "எனக்கு இதெல்லாம் புதிது, நன்றி. ஆனால் இதில் எதையும் நீங்கள் படத்தைப் பார்த்து எழுதவில்லை."

கோபத்தில் நேற்றிரவு தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற உருவத்தைப் பற்றி எனக்கே பாடமா என்றிருந்தது.

2023 நவம்பர் 12

இரண்டு வாரம் ஆறப்போட்டுவிட்டு மறுபடி திறந்தேன். ஃபான் குவானுக்குச் செய்ததையே செய்தேன். பத்து நிமிடம், அர்த்தம் சொல்லக் கூடாது.

வலது முழங்கால் மடங்கி உடம்பு தாழ்ந்திருக்கிறது. துள்ளி எழப் போகிற நிலை. தூக்கிய இடது காலின் கோடும் அதற்கு மேலே குறுக்கே விழும் இடது கையின் கோடும் ஒரே பக்கம் சாய்கின்றன. அந்தக் கை தும்பிக்கை மாதிரி தொங்கி விரலால் பாதத்தைக் காட்டுகிறது. சடை இரண்டு பக்கமும் கிடைமட்டமாகப் பறந்து திருவாசியைத் தொடுகிறது. இடுப்புத் துணியின் நுனியும் காற்றில். எல்லாம் ஓடுகிறது, முகம் மட்டும் நேராக, அசையாமல். இவ்வளவு வேகத்தையும் ஒற்றை முகத்தின் நிதானம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்தக் காதுகளைப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இல்லை.

நான் இதையெல்லாம் ஏன் பார்க்கவில்லை? யோசித்தால் காரணம் எளிது. கோயிலில் எனக்கு நடராஜரின் இடுப்பு தெரிந்ததே இல்லை. முழங்கால் தெரிந்ததே இல்லை. பட்டும் பூமாலையும் விபூதியுமாக அலங்காரத்தில் இருப்பார். தெரிவது முகம், தூக்கிய பாதம், தீபாராதனை வெளிச்சம். நாம் போவது கும்பிட. நடராஜரின் முதுகை முதன்முதலாக நான் பார்த்தது கலிபோர்னியாவில், 14 அங்குலத் திரையில்.

ஆனால் ஒன்று. உலோக உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், அதை வார்த்த ஊரில் யாருமே பார்க்காத ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறோம் என்றும் ஆகிறது. அபிஷேகத்தின்போது மட்டும் கொஞ்ச நேரம் தெரிகிற உடம்பு அது. இதை ஆசிரியைக்கு எழுதி அனுப்பினேன். மதிப்பெண் மாறாது என்றார், அடுத்த பருவத்தில் இதைப் பாடத்தில் சேர்க்கப் போவதாகவும் சொன்னார். இதுதான் எனக்கு வேண்டியது.

2023 நவம்பர் 19

ஐந்தொழில் விளக்கத்தை உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பில் பிறந்தார், தந்தை இலங்கைத் தமிழர், தாய் ஆங்கிலேயர். 1917-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வந்து, 1947-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். சிவதாண்டவம் பற்றிய அவருடைய கட்டுரை 1912-இல் வந்தது. 2004-இல் ஜெனீவாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு மீட்டர் நடராஜரை நிறுத்தியதற்குப் பின்னாலும் அந்தச் சிந்தனைதான் இருக்கிறது. இங்கே ஒரு தமிழர் எழுதிய வரிகளைத்தான் வெள்ளைக்கார மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2023 டிசம்பர் 13

தேர்வு முடிந்தது. படம் ஒன்று வரும். பெயர், கலைஞர், இடம், காலம், எதனால் செய்தது, எல்லாம் சொல்ல வேண்டும். காலம் இருபது வருடம் முன்பின் போனால் மன்னிப்பு உண்டு.

கேமரா கண்காணிப்பு மென்பொருள் 'அறையில் இன்னொருவர் இருக்கிறார்' என்று புகார் எழுப்பிவிட்டது. இன்னொருவர் என்பது சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகன். ஆசிரியை பார்த்துவிட்டுச் சரி செய்தார். ஆன்லைன் தேர்வு எழுதுகிறவர்கள் பின்னால் இருக்கும் சாமி படத்தை முந்தின நாளே கழற்றி வையுங்கள்.

மொத்தத்தில் ஏ.

2024 பிப்ரவரி 18

இந்தப் பருவத்தில் மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து இன்று வரை. வேறு ஆசிரியர். கடும் வேகம், ஒரு வாரத்துக்கு ஒரு நூற்றாண்டின் பாதி.

கல்லூரிகள்தோறும் பாடமாக இருந்த ஜான்சனின் கலை வரலாற்றுப் புத்தகம் 1962-இல் வந்தபோது அதில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை. 1986 பதிப்பில்தான் உள்ளே வந்தார்கள். இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி 17-ஆம் நூற்றாண்டிலேயே எவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறார் என்பது, எதிரித் தளபதியின் கழுத்தில் யூடித் வாளை அழுத்தும் முழங்கையின் பலத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தப் படத்தை என் மகளுக்கு அனுப்பினேன். அவள் அதைத் தன் போனின் முகப்பில் வைத்திருக்கிறாள்.

2024 மார்ச் 10

வகுப்பில் ஒரு வருத்தம். வாரம் ஒரு பதிவு, இரண்டு பேருக்குப் பதில் என்பது விதி. போன மாதத்திலிருந்து பாதிப் பதிவுகள் ஒரே குரலில் வருகின்றன. சொற்கள் வழவழவென்று இருக்கின்றன, படத்தில் இல்லாத நாய் ஒன்றுகூட ஒரு பதிவில் வந்தது. ஏஐ-யிடம் எழுதி வாங்கி ஒட்டுகிறார்கள். உட்கார்ந்து மனம் விட்டு எழுதி, யாரும் எழுதாத ஒன்றுக்குப் பதில் போடுவது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது தெரியுமா? பெரும்பாலானவர்கள் இன்ஜினியரிங், நர்சிங் போகிற பிள்ளைகள், கலைப் பாடம் ஒன்று கட்டாயம் என்பதற்காக வந்தவர்கள். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறார்கள். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை.

2024 மார்ச் 24

ஆசிரியர் விதியை மாற்றிவிட்டார். எழுத வேண்டாம், படத்தைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து போட்டோ எடுத்துப் போடுங்கள், நன்றாக வரைய வேண்டியதில்லை என்றார். வகுப்பே மாறிவிட்டது. வரைகிறவர் கையை எங்கே வைப்பது என்று பார்த்தே ஆக வேண்டும். நர்சிங் படிக்கும் ஒரு பெண், ஓவியர் வான் ஐக்கின் ஜோடி ஓவியத்தில் இருக்கும் குட்டிக் கண்ணாடியை மட்டும் ஒரு பக்கம் முழுக்க வரைந்து, "இதில் இன்னும் இரண்டு பேர் தெரிகிறார்கள்!" என்று எழுதியிருந்தார். 1434-இல் வரைந்தவர் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

2024 ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. காலையில் பாயசம் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பாசடீனாவில் நார்ட்டன் சைமன் மியூசியம். நேரில் ஒன்றைப் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும். மாணவர் அட்டை காட்டினால் கட்டணம் இல்லை.

நான் தேர்ந்தெடுத்தது ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் 1633-இல் வரைந்த எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா. அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கறுப்புப் பின்னணி. ஒரு மேசை. இடது பக்கம் தட்டில் மஞ்சள் பழங்கள், நடுவில் கூடை நிறைய ஆரஞ்சு, மேலே இலையும் பூவும். வலது பக்கம் வெள்ளித் தட்டில் தண்ணீர்க் கோப்பை, தட்டின் விளிம்பில் ஒரு ரோஜா. மூன்றும் ஒன்றையொன்று தொடவில்லை.

இதை ஒரு மாதமாகத் திரையில் பார்த்து வந்தேன். நேரில் நின்றதும் முதலில் தெரிந்தது அந்தப் பழம் எலுமிச்சை இல்லை என்பது. முனை மூக்கு மாதிரி நீண்டு, தோல் தடித்து, மேடு பள்ளமாக. நார்த்தங்காய்! அம்மா சுருள் சுருளாக நறுக்கி உப்பு திணித்து வெயிலில் காய வைப்பாரே, அதே காய். திரையிலும் அதே படம்தான் இருந்தது, பெயர்ப்பலகையில் எலுமிச்சை என்று படித்ததால் எலுமிச்சையாகவே பார்த்திருக்கிறேன். நிஜ அளவில் கைக்கு எதிரே வந்தபோது உள்ளங்கை சொல்லிவிட்டது. அந்தப் பழம் கையில் எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். ரோஜா அதற்கு எதிர்ப்பக்கம் எடையே இல்லாமல் கிடக்கிறது.

முக்கால் மணி நேரம் நின்றேன். மகள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "அம்மா, இன்னுமா?" என்றாள்.

2024 ஏப்ரல் 16

மியூசியத்தின் கீழ்த்தளத்தில் தெற்காசியச் சிலைகள். ஓர் அம்மனைச் சுற்றி வந்து பின்புறம் பார்த்தேன். தலைக்குப் பின்னால் சக்கரம், தோளில் விழும் சடைப் பின்னல், பீடத்தில் கம்பு செருகித் தூக்கிப் போவதற்கான துளைகள். துளைகளைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. புறப்பாட்டுக்கு என்று செய்த உடம்பு.

இங்கே ஒரு காலத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவபுரத்து நடராஜர் இருந்தார். 1950-களில் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் போலி செய்து கோயிலுக்குத் திருப்பிவிட்டு, அசல் கைமாறியது. 1973-இல் நார்ட்டன் சைமன் வாங்கினார். இந்திய அரசு வழக்குப் போட்டது, 1976-இல் உடன்பாடு, பத்து வருடம் இங்கே வைத்திருந்துவிட்டு 1986-இல் திருப்பினார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியா போய் 2014-இல் திரும்பிய கதை எல்லாருக்கும் தெரியும். சிவபுரத்தை யாரும் பேசுவதில்லை. எனக்கே பாடத்தின் வழியாகத்தான் தெரிந்தது, நான் வளர்ந்த வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான் அந்தக் கோயில். ஒரு சிலையைப் படிக்கும்போது அது அங்கே எப்படி வந்தது என்பதையும் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

2024 மே 5

நார்த்தங்காய்க் கட்டுரைக்கு 20-க்கு 19. ஆசிரியர் சொன்னார், அந்தப் பழங்கள் சிட்ரான் வகை என்று ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்களாம்.

தெரிந்தது கெடுக்கும் என்று நவம்பரில் நினைத்தேன். இப்போது அப்படி இல்லை. ஐந்தொழில் காதால் வந்தது, பார்ப்பதற்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டது. நார்த்தங்காய் கையால் வந்தது.

அண்ணனும் நானும் சமாதானம். வாரத்தில் ஆறு நாள் திரை, பருவத்துக்கு ஒரு நாளாவது நேரில். அந்த ஒரு நாளை முதல் மாதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்வேன். அளவு என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் திரை அவ்வளவு ஏமாற்றாது.

2024 ஜூலை 21

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். நேற்று சுவாமிமலையில் ஒரு பட்டறை. ஒரு அடி உயர நடராஜர் வீட்டுக்கு வேண்டும் என்று அண்ணி கேட்டிருந்தார்.

ஸ்தபதி என்ன சிலை என்று கேட்ட அடுத்த நொடி, "உசரம் எவ்வளவு?" என்றார். பன்னிரண்டு அங்குலம் என்றதும் தென்னங்கீற்றிலிருந்து ஒரு ஓலையைக் கிழித்து, அந்த நீளத்துக்கு நறுக்கி, மடித்தார். மறுபடி மடித்தார். மடிப்புக் கோடுகளில் நகத்தால் அழுத்தி, "இது முகம், இது கழுத்து, இது மார்பு வரைக்கும்" என்று காட்டினார். மெழுகில் கரு செய்வதற்கு முன்னால் உடம்பு முழுக்க அந்த ஓலையில் வந்துவிட்டது. காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றுவதெல்லாம் பிறகு.

என் சுவரில் இருக்கும் பென்சில் கோடுகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். எந்த உயரத்தில் போட்டேன் என்று கேட்டார். 68 சென்டிமீட்டர் என்றேன். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "இருபத்தேழு அங்குலம். நல்ல அளவுதான், ரெண்டு பேர் தூக்கலாம்" என்றார்.